பிளந்த பனங்கிழங்கு

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை வறுமைப் பாட்டு என்றே படித்துப் பழகிவிட்டோம். பள்ளியில் மனப்பாடம் பண்ணினவங்களைக் கேளுங்கள், வாடையில் நடுங்கும் புலவரைத்தான் சொல்வார்கள். நாரை அங்கே வெறும் தபால்காரர். ஆனால் பாட்டு தொடங்குவது ஒரு பறவையைப் பார்ப்பதில். அதுவும் துல்லியமாகப் பார்ப்பதில்.

சிவந்த கால். அலகின் நிறத்துக்குப் பவளம், வடிவத்துக்குப் பிளந்த பனங்கிழங்கு. சாத்தூர், சிவகாசிப் பக்கம் பொங்கலுக்குக் கிழங்கு அவித்துத் தின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீளவாக்கில் பிளந்தால் மேல் அலகு, கீழ் அலகு மாதிரியே நேராக, நுனி கூர்ந்து இரண்டு துண்டு. நம்ம ஊர்க் கண்மாய்களில் நிற்கும் சங்குவளை நாரைக்கு இது பொருந்தாது; அதன் அலகு மஞ்சள், நுனி கொஞ்சம் கீழே வளைந்திருக்கும். பொருந்துவது ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இந்தியா வரும் செங்கால் நாரைக்கு. இன்று தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த உவமைக்குப் பருவமும் உண்டு. கிழங்கு தோண்டுவது மார்கழி, தையில். வாடை அடிப்பதும் அப்போதுதான், வலசை நாரை இங்கே இருப்பதும் அப்போதுதான். 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகத் தொலைநோக்கியோடு ஆற்றோரம் அலைகிறவர்களுக்கும் அதே நாட்கள்தான். குமரியில் நீராடி வடக்கே போவதானால் என்று புலவர் நாரையிடம் சொல்வது, வந்த பறவை திரும்பும் என்று தெரிந்தவரின் பேச்சு. குமரியிலிருந்து அவர் கிடக்கும் மதுரைக்கு வர அது நம்ம வைப்பாற்றையும் தாண்டியாக வேண்டும். பாதி வருஷம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறுதான். மழை முடிந்து வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் நாரைக்கு அங்கே இறங்கக் காரணம் இருக்கும்.

பெட்டிக்குள் சுருண்ட பாம்பு போலக் கிடக்கிறேன் என்று அவர் தன்னைச் சொல்லும் இடத்தைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். நல்ல உவமைதான், ஆனால் எனக்குக் கிழங்குதான் பெரிது. இல்லாதவர் வீட்டிலும் கிடைக்கும் தீனி அது. உடுத்தத் துணியில்லாதவர் ஒரு அலகைப் பார்க்கிறார், அவருக்குத் தின்கிற பண்டம் ஞாபகம் வருகிறது. வறுமையை அவர் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே அது பாட்டுக்குள் வந்துவிட்டது.

இன்னொன்று, அவர் ஒற்றை நாரையைக் கூப்பிடவில்லை. நீயும் உன் மனைவியும் என்கிறார். அவருடைய மனைவி சத்திமுத்தத்தில், நனைந்த சுவருக்குள் உட்கார்ந்து, பல்லி என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.