மானை அவிழ்த்துவிடு!

செவி சேஸ் நடித்ததில் எது சிறந்த படம் என்று சினிமாப் பைத்தியங்கள் கூடுமிடத்தில் பேச்சு வந்தால், பெரும்பாலோர் ‘வெக்கேஷன்’ என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் ‘ஃப்ளெட்ச்’ என்பார்கள். நான் ‘ஃபன்னி ஃபார்ம்’ என்று ஆரம்பிப்பேன். அதற்கப்புறம் அங்கே வேறு யாரும் வாய் திறக்க முடியாது. வீட்டில் இதை ஒரு வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். விருந்தாளி வந்து சோபாவில் உட்கார்ந்ததும் நான் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தால், “பாவம், அவங்களையாவது விட்டுடுங்க” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். விடுவதாக இல்லை. உங்களையும் விடுவதாக இல்லை.

1988 ஜூனில் வந்த படம். இயக்கம் ஜார்ஜ் ராய் ஹில். ‘புட்ச் கேசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ எடுத்தாரே, ‘தி ஸ்டிங்’குக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அதே மனிதர். அவர் இயக்கிய கடைசிப் படம் இது. பால் நியூமனையும் ராபர்ட் ரெட்ஃபோர்டையும் ஆட்டிவைத்த கை, கடைசியாகத் தொட்டது ஒரு கிராமத்துக் கோமாளிக் கதையை. கை என்னவோ அதே கைதான். ஒரு ஷாட்டில்கூட ‘இங்கே சிரிங்க’ என்று விலாவில் குத்த மாட்டார். வேடிக்கை ஒரு ஓரமாக நடந்துகொண்டிருக்கும், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேமரா சும்மா நிற்கும்.

நியூயார்க்கில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஆண்டி ஃபார்மர் வேலையை உதறிவிட்டு, மனைவி எலிசபெத்தைக் கூட்டிக்கொண்டு வெர்மான்ட் மாநிலத்தில் ரெட்பட் என்ற கற்பனைச் சிற்றூருக்குக் குடிபோகிறான். குளத்தோடு ஒரு வீடு, சுற்றிலும் மரங்கள், கண்ணுக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீடு கிடையாது. நிம்மதியாக உட்கார்ந்து நாவல் எழுதிவிட வேண்டும் என்பது திட்டம். அந்த நிம்மதி அவனுக்கு முதல் நாளே கைவிட்டுப் போகிறது.

சாமான் ஏற்றிவந்த லாரி வழி தெரியாமல் எங்கெங்கோ சுற்றுகிறது. குறுக்கே வரும் பழைய மரப்பாலம் அதன் கனம் தாங்காமல் நொறுங்குகிறது. வீட்டிலுள்ள தொலைபேசியை எடுத்தால், பத்து சென்ட் காசு போடு என்கிறாள் ஆபரேட்டர். சொந்த வீட்டுக்குள், சொந்தச் சமையலறையில்! தோட்டம் போடலாம் என்று மண்ணைக் கிளறினால் சவப்பெட்டி வருகிறது, உள்ளே முன்னொரு காலத்து ஆசாமி சகிதம். அந்த முன்பின் தெரியாத மனிதருக்கு முறைப்படி அடக்கம் செய்கிற செலவும் புதுசாக வந்தவர்கள் தலையில் விழுகிறது. விசாரிக்க வருகிற ஷெரீஃப் டாக்சியில் வந்து இறங்குகிறார். ஏனென்றால் அவர் ஓட்டுநர் தேர்வில் ஃபெயில். இதை யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை. ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ இருக்கிறதே, அங்கேதான் நான் ஒவ்வொரு தடவையும் சோபாவிலிருந்து சரிகிறேன்.

நாய்களை மறந்துவிட்டேனே! கிராமத்து வீடென்றால் நாய் வேண்டாமா? செட்டர் ரகத்தில் ஒன்றை வாங்கி வந்து கயிற்றை அவிழ்க்கிறான் ஆண்டி. ஓட ஆரம்பிக்கிறது. ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. அதோடு அந்த நகைச்சுவை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கதை எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது, தூரத்து மேட்டில் ஒரு புள்ளி இடமிருந்து வலமாகக் கடக்கும். நாய்தான்! இன்னும் ஓடுகிறது. அடுத்து வாங்கும் நாய் இதற்கு நேர்மாறு. கணப்படுப்பு முன்னால் படுத்தால் எழுந்திருக்காது. வாலில் தீப்பிடித்தாலும் எழுந்திருக்காது. சும்மா சொல்லவில்லை, பிடிக்கிறது.

தபால்காரர் க்ரம் பெட்ரீக்குத் தனிப் பத்தி கொடுக்காவிட்டால் பாவம் பிடிக்கும். வேனை நிறுத்திக் கடிதம் கொடுப்பது என்ற வழக்கமே அவரிடம் கிடையாது. குடித்துவிட்டு, மண் சாலையில் புழுதி பறக்க எமவேகத்தில் வருவார். வண்டியின் வேகம் குறையாமலேயே கடிதங்கள் ஜன்னல் வழியாக வீசப்படும். ஆண்டி பள்ளத்திலும் புதரிலும் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். இதில் அழகு என்னவென்றால், க்ரம்முக்கு ஆண்டி மேல் தனிப்பட்ட விரோதம் இருப்பதாகப் படம் எங்கேயும் சொல்லாது. அவர் வேலை பார்க்கும் முறை அது. ஊர்க்காரர்கள் யாருமே இந்தத் தம்பதியைத் துரத்தச் சதி செய்யவில்லை. அவர்கள் பாட்டுக்கு எப்போதும் போல இருக்கிறார்கள். ஆண்டிதான், அமைதியும் அன்பும் நிறைந்த கிராமம் என்று ஒரு படத்தை மனசுக்குள் மாட்டிக்கொண்டு வந்து, நிஜ ஊர் அதற்குப் பொருந்தவில்லை என்று பல்லைக் கடிக்கிறான்.

உணவகக் காட்சி ஒன்று உண்டு. உள்ளூர்க் கடையில் பொரித்த பதார்த்தம் ஒன்றைத் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளுகிறான் ஆண்டி. ருசியோ ருசி. ஊரின் சாப்பாட்டுச் சாதனையையே முறியடித்துவிட்டான் என்று எல்லோரும் முதுகில் தட்டுகிறார்கள். பிறகுதான் அது ஆட்டு விதை என்று தெரிகிறது. அந்தக் கணத்தில் சேஸின் முகத்தைப் பாருங்கள்: மென்றுகொண்டிருந்த தாடை நிற்கிறது, கண் மட்டும் மெல்ல நகர்கிறது. மற்றபடி, எங்கள் ஊர்ப்பக்கம் இதையெல்லாம் மிளகு தூவி வறுத்து, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம் என்பதால், அந்த அதிர்ச்சியில் எனக்குப் பெரிதாகப் பங்கில்லை. இன்னொரு தட்டு கொண்டு வாப்பா என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்தப் படத்தை நான் தலையில் தூக்கிவைத்து ஆடுவதற்கு முதல் காரணம் இவை எதுவுமில்லை. கையெழுத்துப் பிரதியைப் படிக்கும் காட்சிதான்.

திருமண நாள். ஆண்டி, தான் எழுதி வந்த ‘தி பிக் ஹைஸ்ட்’ என்ற கொள்ளைக் கதையின் பக்கங்களை மனைவியிடம் நீட்டுகிறான். படி, இப்பவே படி. எலிசபெத் படிக்க ஆரம்பிக்கிறாள். அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறான். போகவும் மாட்டேன் என்கிறான், சும்மா இருக்கவும் மாட்டேன் என்கிறான். எழுதுகிறவன் எவனையாவது கட்டிக்கொண்ட எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும். பக்கம் புரள்கிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு இல்லை. எலிசபெத்தாக நடித்த மேடலின் ஸ்மித் இங்கே செய்வது சாதாரண வேலை இல்லை. கண் வரியில் இருக்கிறது, உதடு ஒரு நல்ல வார்த்தையைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. கதை பின்னால் போகிறது, முன்னால் போகிறது, ஒரு கட்டத்தில் பக்கவாட்டில்கூடப் போகிறது போலிருக்கிறதே என்று மெதுவாக இழுக்கிறாள். அவன் விடுவதாக இல்லை. உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று நச்சரிக்கிறான். கடைசியில் அவளுக்கு அழுகையே வந்துவிடுகிறது. நாவல் அவ்வளவு மோசம்!

கணவனின் நாவலைப் படித்துவிட்டு மனைவி அழுவது துக்கக் காட்சியாகவும் இருந்திருக்கலாம். இங்கே அது துக்கமும்தான். நாம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறோம், அதே சமயம் அந்த மனிதனுக்காக வயிறு பிசைகிறது. இதற்கு மேல் உப்புப் போடுகிற மாதிரி, எலிசபெத் யாருக்கும் சொல்லாமல் ஒரு குழந்தைக் கதை எழுதிவைத்திருக்கிறாள். நகரத்திலிருந்து கிராமத்துக்கு வரும் அணில் ஒன்றைப் பற்றி. அணிலின் பெயர் ஆண்டி. அவனுடைய நாவலைச் சீண்ட ஆளில்லை. அவளுடைய அணிலுக்குப் பதிப்பாளர் கிடைத்துவிடுகிறார். குளம், வீடு, நாய் எல்லாம் தாங்கிய திருமணம் இதைத் தாங்கவில்லை. விவாகரத்து, வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவாகிறது.

இங்கிருந்துதான் படம் விசுவரூபம் எடுக்கிறது.

இப்படியொரு ஊரில் வீட்டை யார் வாங்குவான்? ஆண்டியும் எலிசபெத்தும் ஊர்க் கூட்டத்தில் ஒரு பேரம் பேசுகிறார்கள். வீடு நல்லபடியாக விற்றால் ஊருக்கு 15,000 டாலர் நன்கொடை, தலைக்கு 50 டாலர் ரொக்கம். பதிலுக்கு, வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் எல்லோரும் நல்லவர்களாக நடிக்க வேண்டும். எப்படி நடிப்பது என்பதற்கு மாதிரி? ‘சாட்டர்டே ஈவனிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு நார்மன் ராக்வெல் வரைந்த அட்டைப்படங்கள்! அந்தச் சிடுமூஞ்சி ஊர் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து ஒத்திகை பண்ணுகிறது. கிறிஸ்துமஸ் சமயம் வேறு. பனி, விளக்கு, வீட்டு வாசலில் பஜனை கோஷ்டி. வாங்க வந்த தம்பதி சொக்கிப்போய் ஜன்னலருகே நிற்கிறார்கள். ஆண்டி ரகசியமாக உத்தரவு கொடுக்கிறான்: மானை அவிழ்த்துவிடு! பனி மேல் ஒரு மான் தாவி ஓடுகிறது. அடடா, அடடா! இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டாதவர்களோடு எனக்கு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ள முடிவதில்லை.

ஒளிப்பதிவு செய்தவர் மிரோஸ்லாவ் ஒண்ட்ரிச்செக். ‘அமேடியஸ்’ படத்தை ஒளியால் இழைத்தவர். இலையுதிர்காலச் சிவப்பிலிருந்து வெண்பனி வரை அவர் நிஜமாகவே அழகாக எடுத்துவைத்திருப்பதால்தான் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாமும் ஏமாறுகிறோம். பொய் என்று தெரிந்தும், அந்த வீட்டை நாமே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. இசை எல்மர் பெர்ன்ஸ்டைன். படப்பிடிப்பும் ஸ்டுடியோவில் அல்ல, வெர்மான்டிலேயே. ரெட்பட்டாக வரும் ஊர் டவுன்ஷெண்ட்.

பின்னாளில் ராக்வெல்லைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் 1939 முதல் 1953 வரை குடியிருந்தது அதே தெற்கு வெர்மான்டில், ஆர்லிங்டன் என்ற சிற்றூரில். அக்கம்பக்கத்து ஆட்களையே அழைத்து, இப்படி நில், இப்படிச் சிரி என்று நிறுத்தி, போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் அட்டைப்படம் வரைவார். நின்றவர்களுக்குச் சிறு தொகையும் கொடுப்பார். ஆக, அமெரிக்கா மொத்தமும் ‘இதுதான் நம் கிராமம்’ என்று கண் கசிந்த சித்திரங்களுக்குப் பின்னாலேயே காசு வாங்கிக்கொண்டு நின்ற வெர்மான்ட்காரர்கள் இருக்கிறார்கள். ஆண்டி செய்தது புது மோசடியே அல்ல! இந்தக் கண்ணியைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் அந்த ஊர்க் கூட்டக் காட்சி இரண்டு மடங்கு இனிக்கிறது.

பிறகு ஆண்டி வீட்டை விற்க மறுப்பதையும், இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதையும் யாரும் ஊகித்துவிடலாம். அதற்கு ஊர் தருகிற வரவேற்பை ஊகிக்க முடியாது. கண்ணீர் மல்கக் கட்டித் தழுவுவார்கள் என்று நினைத்தால், காசு போச்சே என்று கொதிக்கிறார்கள்! வீடு விற்கவில்லையென்றால் 50 டாலர் கிடையாதே. ஆண்டி எல்லோருக்கும் அந்த 50 டாலரைக் கொடுத்த பிறகே அவனுக்கு ஊரில் மரியாதை வருகிறது. இவ்வளவு நேர்மையான சுபமுடிவை நான் வேறு நகைச்சுவைப் படத்தில் பார்த்ததில்லை. முந்தின வருஷம், 1987இல், டயான் கீட்டன் நடித்த ‘பேபி பூம்’ வந்தது. அதிலும் நகரத்துக்காரி வெர்மான்டுக்குத்தான் போகிறாள். ஆப்பிள் கூழ் விற்றுப் பணமும் பார்க்கிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கிராமம் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கும். ரெட்பட் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

மூலக்கதை ஜே க்ரோன்லி எழுதிய நாவல். அவரும் பத்திரிகையில் பத்தி எழுதி வாழ்ந்தவர்தான். அதனால்தான் எழுத்தாளனின் சோம்பலும் பொறாமையும் இவ்வளவு துல்லியமாக வந்திருக்கின்றன என்பது என் கட்சி. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அப்போதே நாலுக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அந்த அரை நட்சத்திரத்தை ஏன் பிடித்துக்கொண்டார் என்பதில் அவரோடு எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. குளத்துப் பாம்பை வைத்துச் செய்யும் கூத்து கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கால் நட்சத்திரம் குறைத்தால் போதாதா?

ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஓடாத படம். டிசம்பர் மாத இரவொன்றில், கல்யாணமாகிச் சில வருஷமாவது ஆனவர்கள் ஜோடியாக உட்கார்ந்து பாருங்கள். கையெழுத்துப் பிரதிக் காட்சி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதீர்கள். பின்னணியில் மேடு தெரிகிற ஷாட்டுகளில் மட்டும் போனை எடுக்காதீர்கள், நாய் ஓடும்.