அடுப்பின் நேரத்துக்கு ஒரு பயணத் திட்டம்

வட இந்தியா கிளம்புகிறவர்கள் முதலில் கோட்டை, கல்லறை, படித்துறை என்று பட்டியல் போடுகிறார்கள். சாப்பாட்டை இடையில் கிடைத்த இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நாக்கை நம்பிப் போகிற பயணத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை. அந்த நாள்களை விலக்கிவிட்டால், காலையில் போனாலும் மாலையில் போனாலும் கட்டடம் அங்கேதான் நிற்கும். அடுப்பு அப்படி இல்லை. காசியில் கச்சோரியும் ஜிலேபியும் காலைப் பலகாரம். சாட் கடைகளில் கூட்டம் சேர்வது பொழுது சாய்ந்த பிறகு. அமிர்தசரஸ் குல்சா காலைக்கும் மதியத்துக்கும் உரியது. முதலில் அடுப்பு எரியும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மிஞ்சிய வேளைகளில் கோட்டைகளைப் பொருத்துவதுதான் ரசிகனின் திட்டம்.

பருவம் நேரத்தைவிடக் கறாரானது. சிவப்புக் கேரட் அல்வா, கடுகுக்கீரை மசியலும் சோள ரொட்டியும், எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தட்டிய கஜக் எல்லாம் குளிர்காலத்துச் சரக்கு. ஜூன் மாதத்தில் போகிறவருக்கு அனல்காற்றும், ஆறுதலாக லக்னோவை அடுத்த மலிஹாபாத்தின் தசேரி மாம்பழமும் கிடைக்கும். மாம்பழத்துக்காகவே வெயிலைத் தாங்கத் தயாரானவர்கள் உண்டு. அவர்களோடு வாதிட முடியாது.

ஆனால் பயணத்தின் அச்சாணியாக ஒரே ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அது குளிர்காலத்துப் பால்நுரையாகத்தான் இருக்க வேண்டும். டெல்லியில் தௌலத் கி சாட், லக்னோவில் மக்கன் மலாய், காசியில் மலைய்யோ. மூன்று ஊரிலும் செய்முறையின் அடிப்படை ஒன்றே. பாலைக் காய்ச்சி, பாலேடு சேர்த்து, இரவு திறந்தவெளியில் வைத்துவிடுகிறார்கள். பனியில் நன்றாகக் குளிர்ந்த பாலை விடியுமுன் மத்தால் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் வழித்தெடுக்கிறார்கள். முட்டை கிடையாது, ஜெலட்டின் கிடையாது. குளிர்ந்த கொழுப்பு காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெயில் ஏறினால் பிடி தளர்ந்து நுரை அடங்கிவிடும். நவம்பருக்கு முன்பும் ஹோலிக்குப் பின்பும் தெருவில் இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அதுவே. டெல்லியின் சில பெரிய உணவகங்கள் குளிர்பதன உதவியோடு ஆண்டு முழுவதும் இதைத் தருகின்றன. நன்றாகவே இருக்கும், ஆனால் சாந்தினி சௌக்கின் கினாரி பஜார் முனையில் நின்று இலைத்தொன்னையில் வாங்கித் தின்பதற்கு அது ஈடில்லை.

ஊருக்கு ஊர் கை மாறுகிறது. டெல்லிக்காரர் நுரையின் மேல் கோவாவும் நாட்டுச் சர்க்கரைத் தூளும் தூவுகிறார். லக்னோவில் கோல் தர்வாசாவுக்குப் பக்கம் அகன்ற தட்டில் குவித்து, தராசில் நிறுத்துத் தருகிறார்கள். நிறையே இல்லாத பண்டத்தை நிறுத்து விற்பதைப் பார்ப்பதற்கே போகலாம். காசியில் மண்குவளை, நுரைக்கு அடியில் குங்குமப்பூப் பால். மூன்றில் முதலிடம் காசிக்கே. நுரை மட்டும் தின்றால் நாக்கில் எதுவும் நிற்பதில்லை. அந்தப் பால்தான் சுவையைத் தொண்டைவரை கொண்டுசேர்க்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நுரைக்கு நண்பனான குளிர் ரயிலுக்குப் பகை. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கினால் கங்கைச் சமவெளியில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். நவம்பரில் டெல்லியின் காற்று மூச்சை அடைக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் பிப்ரவரி முதல் பாதி தேறுகிறது. ரம்ஜான் இப்போது சில ஆண்டுகளாகக் குளிர்காலத்தை ஒட்டி வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலில் ஜமா மசூதிப் பக்கம் பல கடைகள் மூடியிருக்கும். நோன்பு திறந்த பிறகு மட்டியா மகால் தெரு நள்ளிரவு தாண்டியும் உறங்காது. கூட்டத்துக்கு அஞ்சாதவருக்கு அதைவிட நல்ல நாள்கள் இல்லை.

பாதையை மேற்கிலிருந்து கிழக்காக வைத்துக்கொள்வது நல்லது: அமிர்தசரஸ், டெல்லி, லக்னோ, காசி. அமிர்தசரஸில் முதல் வேளை பொற்கோயில் லங்கரில்தான். வரிசையாகத் தரையில் அமர்ந்து, இரு கையையும் ஏந்தி ரொட்டி வாங்க வேண்டும். சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் சாப்பிடும் சமையலறை அது. இரவு பகல் ஓய்வில்லை. தட்டு கழுவும் தொட்டிகளில் எழும் ஓசை ஒரு தொழிற்சாலையை நினைவூட்டும். பருப்பு எளிமையானது, அதுதான் அதன் அழகு.

மறுநாள் குல்சா. நெய் தடவி அடுக்கடுக்காக மடித்த மாவு, உள்ளே உருளைக்கிழங்கும் உலர்ந்த மாதுளை விதைத் தூளும் தனியாவும். தந்தூர் சுவரில் ஒட்டி எடுத்து, கையால் ஒரு முறை நசுக்கித் தருவார்கள். அந்த நசுக்கலில் அடுக்குகள் பிரிந்து நொறுங்கும். பிறகு டவுன் ஹால் கட்டடத்தில் 2017இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டுக் கேசர் தா தாபாவுக்குப் போனால் பருப்பின் ருசி வேறாகத் தெரியும். 1916இல் இன்றைய பாகிஸ்தானின் ஷேக்குபுராவில் தொடங்கிய கடை அது. பிரிவினையில் இடம்பெயர்ந்து இங்கே வந்தது. கறுப்பு உளுந்தை இரவெல்லாம் பித்தளை அண்டாவில் வேகவிடும் பழக்கத்தையும் கூடவே எடுத்து வந்தார்கள்.

டெல்லியும் அதே கதையின் அடுத்த பக்கம். பெஷாவரிலிருந்து வந்த குந்தன்லால் குஜ்ரால் 1947இல் தர்யாகஞ்சில் மோத்தி மகாலை நிலைநிறுத்தினார். பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்ற சண்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்கு எப்படிப் போனாலும், பழைய டெல்லியின் நாக்கு பட்டர் சிக்கனுடையது அல்ல. 1913இல் ஜமா மசூதி அருகே தொடங்கிய கரீம்ஸின் மட்டன் குருமாவிலும் அக்கம்பக்கத்துச் சந்துகளின் நிஹாரியிலும்தான் அது இருக்கிறது. பராட்டே வாலி கலியைப் பார்க்கலாம். நெய்யில் பொரித்த பராட்டாவில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

லக்னோவில் கட்டடமும் சாப்பாடும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. நவாப் ஆசிஃபுத்தௌலா 1784இல், பஞ்சகாலத்தில் மக்களுக்கு வேலை தருவதற்காகக் கட்டத் தொடங்கியது படா இமாம்பாரா. அங்கே வேலை செய்தவர்களுக்காகப் பெரிய அண்டாக்களில் அரிசியும் கறியும் போட்டு மூடி தம் கட்டியதிலிருந்து தம்புக்த் சமையல் பிறந்தது என்று ஊர்க்கதை சொல்கிறது. கதைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. சௌக்கில் இத்ரீஸ் பிரியாணியின் அண்டா திறக்கும்போது எழும் மணமே போதும். அங்கிருந்து சில சந்து தள்ளி, 1905இல் தொடங்கிய துண்டே கபாப். ஹாஜி முராத் அலி ஒற்றைக் கையால் சமைத்ததால் வந்த பெயர். கறியை மசிய அரைத்து, பப்பாளிக்காய் சேர்த்து, குழிந்த பெரிய தவாவில் சுட்டெடுக்கும் கலாவத்தி கபாப் பல்லுக்கு வேலை வைக்காது. சௌக் கடை எருமைக் கறிக்குப் பெயர்பெற்றது. ஆட்டுக்கறி வேண்டுவோர் அமினாபாத் கிளைக்குப் போகிறார்கள். 2025இல் யுனெஸ்கோ லக்னோவை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. ஊர்க்காரர்களுக்கு அது செய்தியே அல்ல.

காசிக்கு வந்து சேரும்போது வயிறு கெஞ்சும். பரவாயில்லை, இது பெரும்பாலும் சைவ ஊர். விடியலில் படகு, கரையேறியதும் மலைய்யோ, பிறகு கச்சோரி. மாலையில் தசாசுவமேத கட்டத்து ஆரத்திக்கு முன்போ பின்போ தக்காளி சாட்: தக்காளியும் உருளைக்கிழங்கும் நெய்யில் மசிந்து, சீரகப் பாகோடு தொன்னையில் வரும். நெய்யும் மைதாவும் அலுத்துப்போன தமிழருக்கு அனுமன் கட்டத்துப் பக்கம் இட்லியும் சாம்பாரும் கிடைக்கும். 1898 முதல் 1902 வரை பாரதி வாழ்ந்த தெரு அது. அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆக்ராவும் ஜெய்ப்பூரும் எங்கே என்று கேட்பார்கள். ஜெய்ப்பூரின் கேவர் மழைக்காலத் தீஜ் பண்டிகைக்கு உரியது. குளிர்காலத்தில் அதற்காகப் பயணத்தை நீட்ட வேண்டாம். ஆக்ராவுக்கு டெல்லியிலிருந்து ஒரு பகல் போதும்: காலையில் பேடைப் பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், பிறகு தாஜ், கையில் ஒரு பெட்டி பேட்டா.

ஊருக்கு என்ன வாங்குவது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நுரை வராது, கபாப் வரக் கூடாது. லக்னோ ரேவடி மாதக்கணக்கில் கெடாது. காசியின் சிவப்புப் பேடா சில நாள் தாங்கும். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது பயணத்தின் முதல் ஊரான அமிர்தசரஸின் உளுந்து வடி. நம் வடகம் போல வெயிலில் காய்ந்தது, ஆனால் வறுத்துத் தொட்டுக்கொள்வதற்கு அல்ல. எண்ணெயில் சிவக்க விட்டு உருளைக்கிழங்குக் குழம்பில் உடைத்துப் போடுவதற்கு. காரம் கடைக்குக் கடை மாறும் என்பதால், வாங்கும்போதே மிளகு தூக்கலா என்று கேட்டு வாங்குவது நல்லது.