கடைசிப் பக்கத்து விமர்சகர்: ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.

1965-ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கப்பெற்ற 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் சிறு கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றை எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008), தம் துணைவியாரின் பெயராகிய 'சுஜாதா' என்பதைப் புனைபெயராகக் கொண்டு பின்னாளில் பெரும்புகழ் எய்தினார். அவருடைய புதினங்களை ஆராய்ந்தோர் பலர். அக்கட்டுரைகள் நம் பிரசங்க பீடத்திற்கு விடுக்கும் வினா ஒன்றுண்டு. அதனை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

சென்னையில் பிறந்த அவர், ஸ்ரீரங்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அத்தீவில் கோயில் மதில்கள் ஏழும் வீதிகளையே தம்முள் அடக்கி நிற்கின்றன. பாசுரம் ஒலிக்கும் அவ்வீதிகளை விட்டுக் காவிரியைக் கடந்து, திருச்சிராப்பள்ளியில் இயேசு சபையார் நடத்தும் புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர்ப் பொறியியல் கற்றுப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. மரபின் மொழியையும் அறிவியலின் ஐயத்தையும் ஒருங்கே பெற்றவர் அவர்.

அடுக்குமொழி, திரைப்படப் போலித்தனம், கவிதை என்ற பெயரில் எழும் வெற்றாரவாரம் ஆகியவற்றை அவர் சில சொற்களாலேயே சாய்த்தார். சினந்தோர் பலர். எனினும் இகழ்தல் ஒன்றே அவர் தொழிலன்று. நா. முத்துக்குமாரின் 'தூர்' போன்ற இளங்கவிஞர் படைப்புகளை மனமுவந்து பாராட்டி வாசகர்க்கு அறிமுகம் செய்தார். குறை காணும் கண்ணுக்கு நிறை காணும் கடமையும் உண்டு என்பதை விமர்சகர் யாவரும் அவரிடம் கற்கலாம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அவருடைய நகைச்சுவை பல வேளைகளில் பிறர் அறியாமையையே இலக்காகக் கொண்டது. வாசகர் எழுத்தாளருடன் சேர்ந்து சிரித்துவிட்டு, தாம் குற்றமற்றவர் என்ற எண்ணத்துடன் பக்கத்தைப் புரட்டிவிட இயன்றது.

தாவீதிடம் நாத்தான் கூறியதும் சிறு கதையே. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன்மீது சினங்கொண்ட மன்னன், அச்சினம் தன்மீதே திரும்புவதைக் கண்டான். தீர்க்கதரிசிக்கும் நகையாளருக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

இத்தீர்ப்பையும் முழுமையானதாகக் கொள்வதற்கில்லை. 'அப்பா, அன்புள்ள அப்பா' என்ற கட்டுரையில், தந்தையின் இறுதி நாட்களில் மருத்துவமனையில் உடனிருந்த மகனாக அவர் பேசுகிறார். அங்கே எள்ளி நகையாட வேறொருவர் இல்லை. தம் இயலாமையைத் தாமே காண்கிறார். வாசகர் தம் பெற்றோரை நினையாமல் அதனைப் படித்து முடித்தல் அரிது. புத்திக்கூர்மை அங்கும் குன்றவில்லை. அதன் முனை எழுதுபவரை நோக்கித் திரும்பியுள்ளது, அவ்வளவே.

இறையியல் மாணாக்கர் பலர் அருளுரையில் நகைச்சுவையை நாடுவது இயல்பு. சுஜாதாவின் சுருக்கமும் தெளிவும் அவர்க்கு நல்லாசான்களே. ஆனால் சபையார் சிரிக்கும்போது, அருளுரையாளர் தம்மையே வினவ வேண்டியது ஒன்றுண்டு: இவர்கள் அடுத்த வீட்டாரைக் கண்டு சிரிக்கின்றனரா, தம்மையே கண்டு சிரிக்கின்றனரா? சிரிக்க வைத்த நானும் அச்சிரிப்பிற்கு உட்பட்டவன்தானா?