கேட்டுக்கு வெளியே தொடக்கூடாது

கட்டட வாசலில் சில இளைஞர்கள் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன், வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஓடிப்போன பையனைத் துரத்திக்கொண்டு பஸ்ஸில் போன கதையைச் சொல்கிறான். என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். அதேதான் ஆயிற்று. கேட்டுச் சிரிக்கிறவன் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன். திடீரென்று கதவு திறக்கிறது. ஒல்லியாக ஒரு பையன் அலறிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடுகிறான். அரட்டைக் கோஷ்டி பாய்ந்து போய் அவனைப் பிடித்து, தரையில் மடக்கி, அடங்கும்வரை கூடவே கிடக்கிறது.

புது ஆளுக்கு அவ்வளவுதான் சார் ட்ரெயினிங்! ஒரு கதை, ஒரு ஓட்டம்.

'ஷார்ட் டெர்ம் 12' என்ற அமெரிக்கப் படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 2013-ல் வந்தது. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தது. ஹாலிவுட்டில் அது டீச்செலவு. கிரேஸாக வரும் ப்ரீ லார்சனும், புது ஆள் நேட்டாக வரும் ராமி மாலிக்கும் பிற்பாடு ஆளுக்கொரு ஆஸ்கர் வாங்கினார்கள். அன்றைக்கு இரண்டு பேரையும் தெருவில் பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் இருக்க முடியாத டீன் ஏஜ் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் இல்லம் அது. 12 மாதத்துக்குள் வேறு ஏற்பாடு ஆக வேண்டும் என்பது கணக்கு. கணக்குப்படி எதுவும் நடக்காது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கிரேஸும் அவள் காதலன் மேசனும் அங்கே ஊழியர்கள். டாக்டர் இல்லை, மனநல நிபுணர் இல்லை. எழுப்புவது, மாத்திரை கொடுப்பது, அறையைச் சோதிப்பது, சண்டை விலக்குவது, ஓடினால் துரத்துவது. கேட்டைத் தாண்டிவிட்டால் பையனைத் தொடக்கூடாது, கூடவே நடந்து பேசித்தான் அழைத்து வர வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு.

டைரக்டர் டெஸ்டின் டேனியல் க்ரெட்டன் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் போல இதே மாதிரி ஒரு ஹோமில் வேலை பார்த்தவர். அதனால்தான் அந்த கேட் சட்டம் மாதிரி, ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவே முடியாத விவரங்கள் படம் முழுக்கக் கிடக்கின்றன. நேட்டின் அறிமுகக் காட்சியைப் பாருங்கள். வசதி வாய்ப்பில்லாத பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்பது தன் ரொம்ப நாள் ஆசை என்று நல்ல மனசோடு சொல்லிவிடுகிறான். மார்கஸ் என்ற பையனுக்கு ரத்தம் கொதித்துவிடுகிறது. யாரைடா சொல்றே வசதி இல்லாதவன்னு? சேவை மனப்பான்மை என்பது எதிராளிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தினாலும் இவ்வளவு சுளீரென்று சொல்ல முடியாது.

இன்னொரு காட்சிதான் படத்தின் முதுகெலும்பு என்பேன். ஜெய்டன் என்ற பெண்ணை அவள் அப்பா கூட்டிப் போய்விடுகிறார். அந்த வீட்டில் ஏதோ தப்பு நடக்கிறது என்று கிரேஸுக்குத் தெரியும். அந்தப் பெண் எழுதிய ஓர் ஆக்டோபஸ் கதையிலிருந்தே தெரியும். சிநேகத்துக்காகத் தன் கைகளை ஒவ்வொன்றாகச் சுறாவுக்குத் தின்னக் கொடுக்கிற ஆக்டோபஸ். நிர்வாகியிடம் போய்க் கத்துகிறாள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளைகளின் கண்ணீருக்கு அர்த்தம் சொல்வது தெரபிஸ்டின் வேலை, உன் வேலை இல்லை என்பது.

இங்கேதான் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி நேரம் கூடவே இருக்கிறவளுக்குக் கண் இருக்கிறது, வாய் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கிறவருக்கு வாய் இருக்கிறது. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் நர்ஸைக் கேட்டுப் பாருங்கள், இதே கதையைச் சொல்வார். ஊழியருக்குப் பயிற்சி என்று பேசும்போதெல்லாம் அவருக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்றே யோசிக்கிறோம். அவர் சொல்வதைக் கேட்க அவர் மேலதிகாரிக்கு யார் பயிற்சி கொடுப்பது?

இதுவரை படத்துக்கு ஜே. இனிமேல்தான் எனக்கும் படத்துக்கும் சண்டை. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) கிரேஸும் அப்பாவால் சிதைக்கப்பட்டவள். அந்த ஆள் ஜெயிலிலிருந்து வெளியே வரப்போகிறான் என்று தகவல் வருகிறது. அவள் கர்ப்பமாகவும் இருக்கிறாள். மேசன் பேசு பேசு என்று கெஞ்சுகிறான். பிள்ளைகளை மனம் விட்டுப் பேசவைக்கிறவள், தான் பேச மாட்டேன் என்கிறாள். கடைசியில் ஒரு ராத்திரி பேஸ்பால் மட்டையோடு ஜெய்டன் வீட்டுக்குள் நுழைந்து, தூங்கும் அந்த அப்பனின் தலைமாட்டில் நிற்கிறாள். ஜெய்டனே வந்து தடுக்கிறாள். அப்புறம் இரண்டு பேருமாக அவன் காரை அடித்து நொறுக்குகிறார்கள்.

தியேட்டரில் கைதட்டல் விழும் இடம் அது. நானும் உள்ளுக்குள் தட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த ராத்திரி ஒரு கொலையைத் தடுத்தது யார்? பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை! படம் இதைக் கவனிக்காத மாதிரி அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

டென்மார்க்கில் இந்த மாதிரி இல்லங்களில் வேலை செய்ய 'பெடகோக்' என்று ஒரு படிப்பு உண்டு. மூன்றரை வருஷப் பட்டம். அந்த மரபில் மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறார்கள்: தொழில், சொந்தம், அந்தரங்கம். தொழிலறிவு வேண்டும். சொந்த மனுஷனாகவும் பழக வேண்டும், மெஷின் மாதிரி இருந்தால் பிள்ளைகள் ஒட்டாது. ஆனால் உங்கள் அந்தரங்கப் புண்ணைப் பிள்ளை சுமக்கும்படி விடக்கூடாது. இதை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். தன்னைத்தானே கீறிக்கொள்ளும் ஜெய்டனிடம் கிரேஸ் தன் பழைய தழும்பைக் காட்டுகிறாளே, அது சொந்தம். பிரமாதமான காட்சி. மட்டையோடு நிற்பது அந்தரங்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை ஒரு மனுஷியால் தனியாகப் போட முடியாது. வாரத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாக வேண்டும். படத்தில் அதைக் கேட்கிறவன் காதலன் மட்டும்தான். நிர்வாகத்தில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நல்லவள்தானே, அவளுக்கு எதற்கு மேற்பார்வை என்கிறீர்களா? இங்கிலாந்தில் ஃபிராங்க் பெக் என்று ஒருவர் இருந்தார். 1973-லிருந்து 1986 வரை லெஸ்டர்ஷையரில் அரசாங்கக் குழந்தைகள் இல்லங்களுக்குப் பொறுப்பாளர். வேறு யாருக்கும் அடங்காத பிள்ளைகளைச் சமாளிப்பவர் என்று பெயர். வளர்ந்த பிள்ளைகளைக் கைக்குழந்தை மாதிரி நடத்தி, வேண்டுமென்றே ஆத்திரமூட்டி, அமுக்கிப் பிடிப்பதற்குச் 'சிகிச்சை' என்று பெயர் வைத்திருந்தார். அவருக்குக் கீழே இளம் ஊழியர்கள். அவர் சொன்னதுதான் அவர்களுக்குப் பாடம். ஓடிப்போய் போலீஸில் சொன்ன பிள்ளைகளைத் திரும்ப அவரிடமே கொண்டுவந்து விட்டார்கள். 1991-ல் பாலியல் குற்றங்களுக்காக ஐந்து ஆயுள் தண்டனை விழுந்தது.

கிரேஸையும் பெக்கையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவள் மட்டை எடுத்ததே பெக் மாதிரி ஒருத்தனுக்கு எதிராகத்தான். ஆனால் 'அவங்க கில்லாடி, அவங்ககிட்ட விட்டுடலாம்' என்ற அந்த நிம்மதி இருக்கிறதே, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் ஆரம்பத்திலேயே வரும் பாடம் இது. கேஷியர் அரிச்சந்திரனாகவே இருந்தாலும் பெட்டியை இன்னொருத்தர் எண்ண வேண்டும். அது கேஷியரை அவமானப்படுத்துவதற்காக இல்லை. ஒரு நாள் கணக்கு உதைத்தால் அவரைக் காப்பாற்றப்போவதே அந்த இன்னொருத்தர்தான்.

பெக் வழக்குக்குப் பிறகு நார்மன் வார்னர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, 1992-ல் அறிக்கை வந்தது. இல்லங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்வு செய்வது, எப்படி வளர்த்தெடுப்பது என்பதுதான் அதன் விஷயமே. வேலைக்கு வருகிறவரிடம் சர்டிபிகேட் பார்ப்பதோடு விடாமல், ஏன் இந்த வேலை, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், உங்கள் இளமைப் பருவம் எப்படி என்றெல்லாம் தனியாகத் துருவிக் கேட்பதற்கு இன்றைக்கும் அங்கே 'வார்னர் இன்டர்வியூ' என்றே பெயர். கிரேஸ் அதில் உட்கார்ந்திருந்தால் தேறியிருப்பாளா? தேறியிருப்பாள் என்றே நினைக்கிறேன். கூடவே, இவளைத் தனியாக விடாதீர்கள் என்று ஃபைலில் ஒரு வரியும் ஏறியிருக்கும். அந்த வரிதான் முக்கியம்.

இங்கிலாந்தின் 2015-ம் வருஷ விதிகளின்படி, குழந்தைகள் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர் அதற்கென்று உள்ள டிப்ளமோவை இரண்டு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மாதம் தங்க வரும் பையன், 24-வது மாதம் பாஸாகப் போகும் ஊழியரின் கையில் வளர்வான். டென்மார்க்காரர்கள் மூன்றரை வருஷத்தை முதலிலேயே முடித்துவிட்டு வருகிறார்கள். செலவுதான். அது யார் கணக்கில் பற்று எழுதுவது என்பதில்தான் எல்லா அரசாங்கமும் நழுவுகிறது.

படத்தைக் கட்டாயம் பாருங்கள். கிரேஸைப் பார்க்கிற கண்ணில் பாதியை நேட்டுக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் நாள் உளறினவன், கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டு கவனிக்கக் கற்றுக்கொள்கிறான். யாரும் அவனுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. மார்கஸுக்கு 18 வயது நெருங்குகிறது. வயது வந்துவிட்டால் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். அந்தப் பயத்தில் அவன் தன்னை அறுத்துக்கொள்கிற நாள் வருகிறது. பிழைத்துக்கொள்கிறான். அதற்கு மறுநாள் காலையும் அந்த இல்லத்தில் ஊழியர்கள் வழக்கம்போல் பிள்ளைகளை எழுப்பிப் பல் தேய்க்க அனுப்பியிருப்பார்கள். நேட்டும் டியூட்டிக்கு வந்திருப்பான். ராத்திரி அவன் தூங்கினானா என்று கேட்க அந்த இல்லத்தின் சம்பளப் பட்டியலில் ஆள் கிடையாது.