நெறியும் நடத்தையும்: அகப்பாட்டு ஆய்வில் ஒரு சமூகவியல் வேறுபாடு

1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த தம் பெருநூலில், பிரெஞ்சு அறிஞர் ஆகுஸ்து கோம்த் ஒரு புதிய துறைக்குப் பெயர் சூட்டினார். அப்பெயரின் முற்பகுதி இலத்தீனம், பிற்பகுதி கிரேக்கம். இருமொழிக் கலப்பு எனப் புலவர் சிலர் அதனை இகழ்ந்ததும் உண்டு. நாம் வழங்கும் 'சமூகவியல்' என்பதும் வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் கூடியதே. பெயரின் குறை துறையின் குறையாகாது.

இத்துறையைப் புதிதாகப் பயில்வார்க்கு நேரும் இடர் வேறு. வேதியியல் பயிலத் தொடங்குபவன் அறியாத சொல்லைக் கண்டவுடன் தன் அறியாமையை உணர்வான். சமூகவியலிலோ நெறி, நிலை, பங்கு, குழு, வழக்கம் என வருவன எல்லாம் நாள்தோறும் நாம் பேசும் சொற்கள். ஆதலின் அவற்றைக் கற்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. இவ்விடர் தமிழிலக்கிய ஆய்வினுள்ளும் புகுந்து நிற்றலைக் காண்கின்றோம். இன்ன நூலில் சமுதாயம் என்னும் பொருளில் எழுந்த ஆய்வேடுகள் பலவற்றைப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. உணவு, உடை, அணி, திருமணம், நம்பிக்கை என இயல்கள் அமையும். ஒவ்வோர் இயலிலும் மேற்கோள்கள் அடுக்கப்பெறும். இலக்கியம் காலக்கண்ணாடி என்ற தொடரோடு முடிவுரை நிறைவுறும். உழைப்பு பெரிது, ஐயமில்லை. எனினும், பாட்டு இவ்வாறு கூறுகின்றது என்பதிலிருந்து மக்கள் இவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு ஒரே தாவலில் சென்றுவிடுகின்றனர். இடையில் விடுபடுவது சமூகவியலின் முதற்பாடங்களுள் ஒன்றான நெறிக்கும் நடத்தைக்கும் உள்ள வேறுபாடு.

நெறி என்பது ஒரு குழுவினர் தம்முள் ஒருவர் எவ்வாறு நடத்தல் வேண்டும் எனக் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பு. நடத்தை என்பது அவர் உள்ளபடி செய்வது. பெரியவர் வருங்கால் எழுந்து நிற்றல் நெறி எனின், அனைவரும் எழுகின்றனர் என்பது பொருளன்று. எழாதவன் மீது பிறர் பார்வை எவ்வாறு விழுகின்றது என்பதே அங்கு நெறி உண்டு என்பதற்குச் சான்று. எமில் துர்க்கைம் 1895இல் வெளியிட்ட முறையியல் நூலில், சமூக உண்மை தனிமனிதனுக்குப் புறத்தே நின்று அவனை வற்புறுத்தும் ஆற்றலுடையது என்றார். அவ்வாற்றல் மீறுங்கால்தான் வெளிப்படும். சம்னர் 1906இல் மக்கள் வழக்கங்களை ஆராய்ந்த நூலில் வெறும் வழக்கத்தினின்று, மீறுவாரைக் குழு பொறாத ஒழுக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ராட்கிளிஃப் பிரவுன் 1934இல் எழுதிய கட்டுரையில், குழுவின் எதிர்வினையைப் பாராட்டு எனவும் ஒறுப்பு எனவும் வகுத்தார். முறைப்படி அமைந்த தண்டம் வேறு, ஊரெங்கும் பரந்து கிடக்கும் பழிப்பு வேறு என்றும் தெளிவுறுத்தினார்.

பரந்து கிடக்கும் அப்பழிப்புக்குத் தமிழில் பண்டே பெயருண்டு. அஃது அலர். அம்பல் அரும்பு நிலை, அலர் மலர்ந்த நிலை எனப் பொருள்கோள் மரபு இரண்டையும் வேறுபடுத்தும். முணுமுணுப்பு எப்பொழுது வெளிப்படைப் பேச்சாகின்றது என்பதைப் படிநிலையாகவே உணர்ந்த மரபு இது. மேலும் நுணுகி நோக்கின், அலர் அடக்குதற்கு எழுந்ததாயினும் அடக்குவதில்லை. அதனால் காமம் மிகும் என்பது தொல்காப்பியர் கருத்து. திருக்குறளின் 115ஆம் அதிகாரமும் அதனையே விரிக்கின்றது. ஒறுப்பு தன் நோக்கத்திற்கு மாறான பயனைத் தருதலும் உண்டு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாம் அறியோம்.

இனி மடலேறுதலைக் காண்போம். ஆடவர் மடலேறினர், மகளிர் ஏறிலர் என்று ஆய்வேடுகள் எளிதின் எழுதிச் செல்கின்றன. மகளிர் மடலேறுதல் நெறியன்று என்பது தொல்காப்பியம். நெறியன்று என்பது வேறு. நிகழவில்லை என்பது வேறு. 114ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் மடலேறாத பெண்மையைப் போற்றுகின்றார். அஃது ஒறுப்புக்கு மறுதலையான பாராட்டு. நெறியின் மற்றொரு காவல். பின்வந்த திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில், தென்னெறியை ஒப்பாது வடநெறியை வேண்டுவதாகக் கூறும் பெண்ணைப் படைக்கின்றார். மீறும் அவள் நெறியை எடுத்துரைத்தே மீறுகின்றாள். இவ்விடத்து நமக்கு உறுதியாகக் கிடைப்பது நெறியின் வரலாறு. மகளிர் நடத்தையின் வரலாறு அன்று.

ஆடவர் திறத்தும் இதே எச்சரிக்கை வேண்டும். மடலேறுவேன் எனக் கூறுதலைக் களவினுள் அமைத்த தொல்காப்பியர், ஏறியதனைப் பெருந்திணையுள் வைத்தார். சொல்லும் செயலும் ஓரினம் அல்ல என்பது அவர் பகுப்பிலேயே உள்ளது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்றவரும் அவரே. ஐந்திணைப் பாட்டில் தலைமக்களை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என விதித்ததும் ஈண்டு நினைக்கத்தகும். பெயரற்ற தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போர் தனிமனிதர் அல்லர். நிலைகளும் அவற்றிற்குரிய பங்குகளும் ஆவர். தோழி இவ்வாறு பேசுதல் வேண்டும் என்பதற்கே அகப்பாட்டு சான்று. எத்தனை தோழியர் அவ்வாறு பேசினர் என வினவுவார்க்கு அது விடை தாராது.

அங்ஙனமாயின் அகப்பாட்டினின்று சமூகத்தை அறியவே இயலாதோ எனின், அற்றன்று. புறப்பாடல்களைப் பிறநாட்டு வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968இல் நூல் வெளியிட்ட க. கைலாசபதி, பட்டியலுக்கு மாறாக வினாவோடு பாட்டை அணுகினார். அவர் முடிபுகளை ஏற்காதாரும் அவ்வினாக்களைப் புறக்கணித்தல் அரிது. அகத்திலும் கேட்கத்தக்க வினாக்கள் உள. அலர் தூற்றுவோர் யார்? பெரும்பாலும் ஊர்ப்பெண்டிர், தண்டிக்கும் அதிகாரம் ஏதும் இல்லாதவர். மடலேறுவோன் முறையிடுவது யாரிடம்? நெய்தற்கலியில் அவன் விளிப்பது சான்றோரை. நாணத்தைத் தானே துறந்து, தன்மேல் விழும் இகழ்ச்சியைத் தெருவிற்குக் கொணர்ந்து, அதனையே தலைவியின் தமர் மீது படைக்கலமாக எறிகின்றான். கலித்தொகை 141ஆம் பாட்டில், பகைவர் பாண்டியனுக்குத் திறை தந்தாற்போலத் தமர் அவளைக் கொடுத்துவிடுகின்றனர். திறை அஞ்சித் தருவது, விரும்பித் தருவதன்று. பழிப்புக்கு அஞ்சியவர் மடலேறியவன் அல்லன், பெண்ணைப் பெற்றோரே என்பதை அவ்வுவமை சொல்லிவிடுகின்றது. ஒரு குழுவில் நாண் யாரிடம் இருந்தது, அதனை இழந்தால் யார் எவ்வளவு இழந்தனர் என்பதனை மடற்பாடல்கள் அனைத்தையும் நிரல்படுத்தி ஆராய்தல் முனைவர் பட்ட மாணவர் ஒருவர்க்குப் போதிய பொருளாகும்.