தம்பிக்கு யாரும் வசனம் எழுதவில்லை

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-ல் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட்டில் ஆடியவர்களையெல்லாம் அலசி முடித்தாயிற்று. ஆடாத ஒருவன் பாக்கி. குதிரைத் தலை, மனித உடம்பு, வெள்ளை வேட்டி, சட்டை, கூப்பிய கை. போட்டியின் சின்னமான ‘தம்பி’. அவனுக்கும் மதிப்பெண் போட்டுவிடுவோம்.

தோற்றத்துக்கு நூற்றுக்கு நூறு. செஸ் பலகையில் முகம் உள்ள காய் குதிரை மட்டும்தான். மற்ற காய்களைத் தாண்டிக் குதிப்பதும் அது மட்டும்தான். பொய்க்கால் குதிரையில் மேலே மனிதன், இடுப்பைச் சுற்றிக் குதிரை. அதையே தலைகீழாக்கினால் தம்பி. நம் ஊர்க் கண்ணுக்கு அவன் அந்நியமாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரஷ்யாவில் நடக்கவேண்டிய ஒலிம்பியாட், உக்ரைன் போர் வெடித்ததால் மார்ச் நடுவில்தான் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை கடைசியில் தொடக்க விழா. அந்தக் குறுகிய அவகாசத்தில் நேப்பியர் பாலமே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியது. சாலையோரமெல்லாம் தம்பி நின்றான். செஸ் தெரியாத பிள்ளைகளும் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் இடிக்கிறது. நாம் பார்த்த தம்பி பெரும்பாலும் வணக்கம் சொல்லி நின்ற தம்பிதான். அவனுக்குப் பசியில்லை, கோபமில்லை, யார்மேலும் பொறாமையில்லை. பொம்மைப் பிராணி ஒன்று கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டுமானால் அதற்கு ஏதாவது ஓர் ஆசை வேண்டும், முடிந்தால் கெட்ட ஆசையாக.

அமெரிக்காவில் 1986 முதல் 1990 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய ‘ஆல்ஃப்’ நகைச்சுவைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட பிராணி. அரங்கின் தரையை உயர்த்தி, அதில் பள்ளம் விட்டு, உள்ளே ஒளிந்தபடி பால் ஃபுஸ்கோ பொம்மையை ஆட்டினார், பேசினார். அவ்வளவு பாடும் பலித்தது ஒரே ஆசையால் என்பேன்: ஆல்ஃபுக்கு அந்த வீட்டுப் பூனையைத் தின்றுவிட வேண்டும்! 2002-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்த ‘கிரெக் தி பன்னி’ என்ற முயல் பொம்மைத் தொடருக்கு அந்த யோகம் இல்லை. 13 அத்தியாயங்கள் எடுத்து, 11 ஒளிபரப்பானதோடு கடையைக் கட்டினார்கள். தம்பிக்கும் கிடைத்தது 11 சுற்றுகள்தான்.

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? போட்டி நடந்த ஓட்டலிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம் போனால் அர்ஜுனன் தபசு சிற்பப் பாறை. தெய்வங்களும் யானைகளும் நிறைந்த அந்தப் பாறையின் ஒரு மூலையில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. காலடியில் எலிகள். மேலே எலும்பும் தோலுமாக நிற்கும் தபசியின் பாவனையை அப்படியே காப்பியடிக்கிறது அது. பல்லவச் சிற்பி 7-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பூனை இன்றும் சிரிக்கவைக்கிறது என்றால், அதன் கண் எலிமேல் இருப்பது நமக்குத் தெரிவதால்தான். தம்பியின் கண் எதன்மேல் இருந்தது?

செஸ் பார்ப்பதற்குக் கடினமான ஆட்டம். அரங்கில் மூச்சு விடக்கூடத் தயங்க வேண்டும். எட்டாவது சுற்றில் அமெரிக்காவின் கருவானாவை வீழ்த்தித் தொடர்ந்து எட்டாவது வெற்றியைப் பெற்றபோது இந்திய ‘பி’ அணியின் குகேஷுக்கு 16 வயது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் கைக்கு வந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. குகேஷின் அணிக்கு வெண்கலம். பெண்கள் பிரிவில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா ஆட, முன்னிலையில் இருந்த இந்திய ‘ஏ’ அணி கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. இதைவிடவா ஒரு கதை வேண்டும்? ஆனால் வெளியே நின்ற பூஞ்சேரிக்காரருக்கு அதை யார் சொல்வது?

தெருக்கூத்தில் அதற்கென்றே ஒரு ஆள் உண்டு. கட்டியங்காரன். ராஜா வந்தால் “நீர் யாரய்யா?” என்று அவரையே கேட்பான், கதையைச் சொல்வான், நடுவில் கிண்டலடிப்பான். கூத்து புழங்கும் தொண்டை மண்டலத்தில் போட்டியை வைத்துக்கொண்டு, தம்பியை அந்த வேடத்துக்கு விடாமல் வரவேற்பறையில் நிறுத்தியது பெரிய கோளாறு. ஒவ்வொரு மாலையும் கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு மேடை போட்டு, ‘நான் குதிரை, எனக்கு முன் ராணிக்கு ஏன் இத்தனை மரியாதை?’ என்று அவன் புலம்பியிருந்தால் அன்றைய ஆட்டம் ஊருக்கே புரிந்திருக்கும். உடைக்குள் இருந்தவர்களைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டு வெக்கையில் அந்தத் தலையைச் சுமப்பதே ஒரு போட்டிதான்.

அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய ஹாக்கி சாம்பியன்ஸ் கோப்பைக்கு ‘பொம்மன்’ யானை வந்தான். அவனும் நல்ல அழகன். ஹாக்கியில் இரண்டாவது கால்பகுதி முடிந்ததும் 10 நிமிடம் இடைவேளை இருக்கிறது. அடுத்து எந்தச் சின்னம் வந்தாலும், அந்த 10 நிமிடத்துக்கு மைக்கை ஒரு கூத்துக் கலைஞரிடம் கொடுங்கள். நடுவரைக்கூட அவர் கிண்டலடிக்கட்டும்.