கும்பகோணத்தைச் சுற்றி ஒரு சைக்கிள் பாதை: வந்தியத்தேவனும் கடைமடையும்

கும்பகோணத்தைச் சுற்றிச் சைக்கிளில் போகிறவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைச் சில வருடங்களாக விடாமல் வாசித்துவருகிறேன். நானும் அந்தப் பக்கம் ஓட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் சொந்த அக்கறை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விடியலில் கிளம்பல், தாராசுரம், சுவாமிமலை, திருப்புறம்பியம் பள்ளிப்படை, நடுவில் டிகிரி காபி, மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். கடைசியில் மொத்தக் கிலோமீட்டர், சராசரி வேகம். படங்கள் பிரமாதமாக இருக்கும். ஆனால் வாசித்து முடித்த பிறகு கோயில்கள் மட்டும்தான் நினைவில் நிற்கும். ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குப் போன அந்த ஒரு மணி நேரம் எதன்மேல் ஓட்டினார், பக்கத்தில் என்ன ஓடியது, எதிரே யார் வந்தார்கள் என்பதெல்லாம் இருக்காது. சைக்கிளில் போய்விட்டு டூரிஸ்ட் பஸ்ஸில் போனவர் மாதிரி எழுதுகிறோம் என்பதுதான் என் புகார்.

இந்த எழுத்துக்கு ஒரு கணக்கு அடிப்படை உண்டு. கணினி அறிவியலில் பழைய கணக்கு ஒன்று: ஒரு விற்பனைப் பிரதிநிதி பல ஊர்களுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் ஒரே தடவை, மொத்தத் தூரம் ஆகக் குறைவாக இருக்க வேண்டும். நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் கும்பகோணத்து வேன்கள் தினமும் போடுவது இந்தக் கணக்கைத்தான். திங்களூர், ஆலங்குடி, சூரியனார்கோவில், திருநள்ளாறு எல்லாம் அதில் வெறும் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே இருப்பது செலவு. செலவு குறையக் குறைய நல்லது. வேனுக்கு இது சரி, டீசல் காசாவது மிஞ்சும். சைக்கிள்காரனுக்கு அந்த நடுப்பகுதிதானே பயணம்? அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

நம் பயண எழுத்து இந்தப் பழக்கத்தை எங்கிருந்து எடுத்தது? பலரும் பொன்னியின் செல்வனைக் காட்டுவார்கள். 'வந்தியத்தேவன் பாதை' என்று ஊர் ஊராகப் போய்வருகிறவர்கள் நிறைய. 1950இல் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்த நாவல், இன்றைக்கும் ஆட்களைச் சாலையில் இறக்கிவிடுகிறது என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அதன் முதல் அத்தியாயத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவன், ஏரியிலிருந்து தண்ணீர் பாயும் கணவாய்களை எண்ணிக்கொண்டே வருகிறான். எழுபத்து நான்கு. ஒரு சாகச நாவல் மதகுகளை எண்ணிக்கொண்டு தொடங்குகிறது! கல்கிக்கு இந்த நிலம் எதனால் ஆனது என்று தெரிந்திருக்கிறது.

அப்புறம் கதை வேகம் பிடிக்கிறது. வந்தியத்தேவன் ஓலை கொண்டுபோகிறவன். தஞ்சையில் சுந்தர சோழரிடம் ஒன்று, குந்தவையிடம் ஒன்று. சேர வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் சேருவதுதான் அவன் வேலை. கொள்ளிடத்தைத் தாண்டுகிறான், குடந்தைக்கு வருகிறான், தஞ்சைக்குப் போகிறான். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இது முழுக்க நீரோட்டத்துக்கு எதிர்த்திசை. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே பிரிந்து பிரிந்து இறங்குகிறது, இவன் கிழக்கிலிருந்து மேற்கே அதிகாரம் இருக்கும் இடத்தை நோக்கி ஏறுகிறான். அரசியல் கதைக்கு அது பொருத்தமான திசைதான். அவன் பின்னால் சைக்கிளில் போகும் நாமும் அதே அரண்மனை அவசரத்தை எடுத்துக்கொண்டோம். முதல் அத்தியாயத்தில் அவன் எண்ணிய மதகுகளை விட்டுவிட்டோம்.

இன்னொரு முன்னோடி, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. 1971இல் வாசகர் வட்டம் வெளியிட்டது. தமிழில் ஒரு ஆற்றையே கதாநாயகியாக வைத்த பயண நூல் என்றால் இன்றும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆற்றை ஒட்டியே நூலும் போவது பெரிய பலம். தலபுராணம், இசை, வழியில் பார்த்த மனிதர்கள், கூட வந்தவர்களின் அரட்டை எல்லாம் அந்த ஓட்டத்தில் இயல்பாக மிதந்து வருகின்றன. எனக்கு ஒரே ஒரு குறை. அவர்கள் பெரும்பாலும் காரில் போனார்கள். காருக்கு நிறுத்தம் வேண்டும், நிறுத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டும். அணை, அருவி, கோயில், தெரிந்தவர் வீடு. நடுவில் உள்ளது ஜன்னல் காட்சியாகிவிடுகிறது. ஜானகிராமனின் நாவல்களில் ஆற்றங்கரைக்கு இருக்கும் அந்த நடக்கிற வேகம் இந்த நூலில் அங்கங்கேதான் வருகிறது. அந்த இடைவெளியில்தான் சைக்கிளுக்கு வேலை இருக்கிறது.

டெல்டாவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், செயலியில் ஏற்ற இறக்கக் கோடு தட்டையாகக் கிடக்கும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத நிலம். ஆனால் அந்தச் சின்னச் சரிவை வைத்துக்கொண்டுதான் ஆறு வாய்க்காலாகிறது, வாய்க்கால் கன்னியாகிறது, கன்னி வயலுக்குள் போகிறது. கும்பகோணமே காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். வடக்கே போனால் மண்ணியாறு, கொள்ளிடம். தெற்கே பட்டீஸ்வரம் பக்கம் முடிகொண்டான், திருமலைராஜன். கிராமத்துச் சாலைகள் நிறைய இந்தக் கரைகள் மேல்தான் போகின்றன. வழி கேட்டுப் பாருங்கள். வலது, இடது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வலங்கைமான் தாண்டி ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "கரையோடயே போங்க தம்பி. ரெண்டாவது மதகுல தெக்கால திரும்புனா வாய்க்கா வரும், அது கூடயே போயிடுங்க." திசையும் தண்ணீரும் மட்டும் வைத்துச் சொன்ன வழி. செயலி காட்டியதைவிட அது தெளிவாக இருந்தது.

கோயில் பாதைக்குமேகூட இந்தத் தண்ணீர் அறிவு தேவைப்படுகிறது. சுவாமிமலையில் வெண்கலச் சிலைக்கு மெழுகின்மேல் பூசும் மண் காவிரி கொண்டுவந்த வண்டல். இரண்டாம் இராசராசனின் தாராசுரத்தை 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் அவ்வளவு கல்லும் தொலைவிலிருந்து வர வேண்டிய, கல்லே இல்லாத இந்த வண்டல் பூமியில் அப்படி ஒரு கோயில் கட்டும் செல்வம் எங்கிருந்து வந்தது? நெல்லிலிருந்து. நெல், வாய்க்காலிலிருந்து. கோயிலை எழுதிவிட்டு வாய்க்காலை எழுதாமல் விடுவது, பாட்டைக் கேட்டுவிட்டுச் சுருதியைக் கேட்கவில்லை என்பது மாதிரி.

எனவே என் பாதை தெற்கே போகும். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம், சுமார் 25 கிலோமீட்டர். அங்கே மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு இந்த இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஷட்டர்கள், ஒரு பாலம், இரைச்சல். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் இடம் இதுதான். இங்கிருந்து பாமணியாற்றோடு போனால் மன்னார்குடி. அந்தப் பக்கத்துத் தேவங்குடிதான் ஜானகிராமன் பிறந்த ஊர். அதையும் தாண்டி முத்துப்பேட்டை, அலையாத்திக் காடு, கடல். இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் கடைமடை என்று பெயர். தண்ணீர் கடைசியாக வரும், சில வருடம் வராமலே போகும்.

ஒரு விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. சைக்கிள் பயணக் கட்டுரைகளில் 'சுதந்திரம்' என்ற சொல் தவறாமல் வரும். அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. ஊர்த்தெரு வந்தால் தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கம் பல கிராமங்களில் இருந்தது. கூலியாக நெல்லைக் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இதே டெல்டாவில்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்டக் கற்கவைத்தபோது, ஊரில் கேலி பேசியவர்களைத் தாண்டித்தான் அவர்கள் ஓட்டினார்கள். அரசு கொடுத்த சைக்கிளில் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கரைச் சாலையில் நமக்கு எதிரே வருகிறார்கள். பின்னால் புல்லுக்கட்டு வைத்துப் போகிறவரும் வருகிறார். நம் கட்டுரைகளில் அவர்கள் படத்தின் ஓரத்தில் இருப்பார்கள், 'எளிமையான கிராமத்து மக்கள்' என்று ஒரு வரி. இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டும் உரிமை யாருக்கு எப்போது வந்தது என்று கேட்காத கட்டுரை, சுதந்திரம் என்று எழுதும்போது எதைச் சொல்கிறது?

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. திருப்புறம்பியத்துக்கு நானும் போவேன், 9ஆம் நூற்றாண்டில் சோழர் எழுச்சிக்கு வழிவிட்ட போர் நடந்த மண் அது. என் கோரிக்கை வேறு. அங்கே போகும் வழியில் எத்தனை மதகு தாண்டினீர்கள், அதில் எத்தனையில் தண்ணீர் இருந்தது என்றும் எழுதுங்கள். ஆடி மாத மேல்காற்றில் மேற்கே மிதித்துப் போவது எவ்வளவு கஷ்டம், திரும்பும்போது அது எப்படித் தள்ளிக்கொண்டு வந்தது என்று எழுதுங்கள். சாலையில் நெல் காயப்போட்டிருந்தவர் உங்களை என்ன சொல்லித் திட்டினார், கொள்முதல் நிலையத்தில் அவர் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார் என்று நின்று கேட்டு எழுதுங்கள்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். சுமாராக ஓட்டுகிற சைக்கிள்காரன் அந்தத் தூரத்தை இரண்டே நாளில் ஓட்டிவிடுவான். அவன் வேண்டுமென்றே நிதானித்து, தண்ணீரோடு சேர்ந்து கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றைப் பிடித்து, மூணாறு தலைப்பில் காத்திருந்து, கடைமடை வரைக்கும் போய் எழுதிய ஒரு நூல் தமிழில் இன்னும் நான் வாசிக்கவில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன். சராசரி வேகம் எவ்வளவு என்று கேட்க மாட்டேன்.